வண்டி உங்களுது, சாவி யாருது?

ஒரு வாரம் ஓட்டாமல் நிறுத்தி வைத்த ஒரு பழைய ரேஞ்ச் ரோவர். 4.6 லிட்டர் வி8 என்ஜின், தோல் இருக்கை, நாலு சக்கரத்துக்கும் ஏர் சஸ்பென்ஷன். ஆற்றில் இறங்கும், மலையில் ஏறும் என்று சொல்லி விற்ற வண்டி. ஓனர் வந்து சாவியைத் திருப்புகிறார். டேஷ்போர்டில் ஒரு வரி ஓடுகிறது: "என்ஜின் டிஸேபிள்ட்". டேங்க்கில் பெட்ரோல் இருக்கு. பிஸ்டன், ப்ளக், பம்ப் எதிலும் கோளாறு கிடையாது. அந்த வண்டிக்கு அதன் ஓனர் யாரென்று மறந்துபோச்சு, அவ்ளோதான்.

நான் சொல்வது பி38ஏ என்று அழைக்கப்படும் ரேஞ்ச் ரோவர். இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் தயாரானது. 1994-ல் வெளிவந்தது, 2002 வாக்கில் அடுத்த தலைமுறை அதன் இடத்தைப் பிடித்தது. இன்றைக்கும் இங்கிலாந்தில் இதை வைத்துக்கொண்டு உயிரைக் கொடுத்துப் பராமரிக்கிற கூட்டம் ஒன்று இருக்கு. அவர்களிடம் இந்த வண்டியில் பிடிக்காதது எது என்று கேட்டால், ஏர் சஸ்பென்ஷனுக்குப் பக்கத்திலேயே இம்மொபிலைசரும் வரும்.

லண்டன் பணக்காரர் வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா நமக்கென்ன என்று தோணலாம். நியாயமான கேள்விதான். நம் கல்லூரியின் எம்பெடட் லேபுக்குள் ஒரு நடை போய்ப் பாருங்க. வருஷா வருஷம் குறைந்தது மூணு டீமாவது ஆர்.எஃப்.ஐ.டி. கதவுப் பூட்டு செய்யும். கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு, தப்பான கார்டைக் காட்டினால் பஸ்ஸர். வைவாவில் "ஹேக்கர் உள்ளே நுழைந்தால் என்ன செய்வீங்க?" என்று கேட்பார்கள், எல்லோரும் பதில் வைத்திருப்பார்கள். "ஓனர் கார்டைத் தொலைத்துவிட்டால் எப்படி உள்ளே போவார்?" என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரோட்டில் ஓடிய, சில நேரம் ஓட மறுத்த, சரியான உதாரணம் பி38ஏ. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். முன் இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். பாடி கம்ப்யூட்டர், சுருக்கமாக பி.இ.சி.எம். கதவு, கண்ணாடி, விளக்கு, அலாரம், ஹார்ன் எல்லாம் அதன் கையில். என்ஜினுக்குத் தனியாக ஒரு கம்ப்யூட்டர், இ.சி.எம். 1999 வரை வந்த பெட்ரோல் வண்டிகளில் அதன் பெயர் ஜெம்ஸ், அதற்குப் பிறகு பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக். டீசலில் பி.எம்.டபிள்யூ.வின் 2.5 லிட்டர் என்ஜின், அதற்கு வேறு இ.சி.எம்.

வண்டி கிளம்ப இரண்டு சோதனைகள் தாண்ட வேண்டும். ஒன்று, சாவியில் இருக்கும் ரிமோட்டை பி.இ.சி.எம். அடையாளம் காண வேண்டும். இல்லையென்றால் செல்ஃபே அடிக்காது. இரண்டு, செல்ஃப் அடிக்கும்போது பி.இ.சி.எம். ஒரு ரகசிய எண்ணை வயர் வழியாக இ.சி.எம்.முக்கு அனுப்பும். அது இ.சி.எம். நினைவில் இருக்கிற எண்ணோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் பற்றாது. வீட்டு வாசலில் ஒரு காவலாளி, பூஜை அறை வாசலில் இன்னொரு காவலாளி மாதிரி. திருடன் முதல் பெட்டியைக் கழட்டி வேறு பெட்டி மாட்டினாலும் இரண்டாவது பெட்டி ஒத்துழைக்காது. பேப்பரில் பார்த்தால் அருமையான டிசைன்.

இப்போ இந்த டிசைன் எப்படிச் சறுக்குதுன்னு பாருங்க. நம் கம்யூனிகேஷன் பாடம் மொத்தமும் இந்த ஒரு சங்கிலியில் இருக்கு.

இங்கிலாந்தில் அந்த ரிமோட் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும். அந்த அலைவரிசை இவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. வயர்லெஸ் காலிங் பெல், வானிலைக் கருவி, அடுத்த வீட்டு ஹெட்ஃபோன், பக்கத்துக் காரின் ரிமோட் எல்லாம் அங்கேதான் கூடும். வண்டியின் ரிசீவர் இந்தச் சத்தத்தையெல்லாம் கேட்கும். நம்ம சாவியா என்று சரிபார்க்க தூங்கிக்கொண்டிருக்கும் பி.இ.சி.எம்.மை எழுப்பும். அது எழுந்து, பார்த்து, இல்லை என்று தெரிந்து மறுபடி தூங்கப் போகும். அதற்குள் அடுத்த சத்தம். இப்படி நாள் முழுக்க அரைத்தூக்கத்தில் இருந்தால் கரண்ட் கரையும். சில நாளில் பேட்டரி டவுன். பேட்டரி செத்து மறுபடி சார்ஜ் போட்டால் சாவிக்கும் பெட்டிக்கும் இடையே இருந்த உறவு அறுந்திருக்கும். "என்ஜின் டிஸேபிள்ட்".

யாரோ ஒருத்தர் வீட்டு மாடியில் மாட்டிய வானிலைக் கருவி உங்கள் வண்டியை நிறுத்தியிருக்கு. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. பிற்பாடு நிறுவனமே வேற்றுச் சத்தத்துக்கு எழாத புது ரிசீவரைக் கொண்டுவந்தது, அதை மாட்டினால் இந்தத் தொல்லை அடங்கும். நோய்க்கு மருந்து வந்ததென்னவோ உண்மை. ஆனால் நோய் வந்தபோது ஓனர் எப்படித் தப்பிப்பார் என்பதுதான் நம் விஷயம்.

உறவு அறுந்தது என்று ஏன் சொல்கிறேன் என்றால், ரோலிங் கோட் வகை சாவி ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேறு எண்ணை அனுப்பும். இல்லையென்றால் ஒருத்தன் ஒரு தடவை பதிவு செய்து அதையே திரும்ப அனுப்பித் திறந்துவிடுவான். சாவியில் ஒரு கணக்கு ஓடும், வண்டியில் அதே கணக்கு ஓடும். இரண்டும் சேர்ந்து நடக்கும்வரை நட்பு. ஒன்று மறந்தாலோ, ஒன்று ரொம்ப முன்னால் ஓடினாலோ நட்பு முறியும். மறுபடி கைகுலுக்க வைப்பதைத்தான் ரீசிங்க் என்கிறோம். சாவியைக் கதவில் போட்டு, திருப்பி, பட்டனை அழுத்தினால் சேர்ந்துவிடும். பின்னால் வந்த மாடல்களில் இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு காயில் வைத்தார்கள். சாவியை நுழைத்ததுமே அது ரிமோட்டைப் பேச வைத்துவிடும். நல்ல திருத்தம். சாவிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோயிருந்தால்? பட்டன் ரப்பர் கிழிந்து ஈரம் இறங்கியிருந்தால்? அங்கேதான் அவசர வழி வருகிறது.

இந்த அவசர வழியை டிசைன் செய்தவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் நாலு எண் கொண்ட ஒரு கோட். ஓட்டுநர் கதவுப் பூட்டில் சாவியை நுழைத்து, முதல் எண்ணுக்கு ஒரு பக்கம் அத்தனை தடவை, அடுத்த எண்ணுக்கு எதிர்ப்பக்கம் அத்தனை தடவை என்று மாறி மாறித் திருப்ப வேண்டும். பழைய பெட்டகத்தைத் திறப்பது போல. ரிமோட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், டீலர் வேண்டாம். கையில் சாவி, தலையில் எண், போதும். பலமுறை தப்பாகப் போட்டால் "கீ கோட் லாக்அவுட்" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் காக்க வைக்கும். சரியான யோசனை இது. எழுபது வயதுத் தாத்தாகூட மழையில் நின்று செய்யலாம்.

ஆனால் இதுவும் இரண்டு இடத்தில் உடைந்தது. அந்த நாலு எண் வண்டியோடு வந்த ஒரு அட்டையில் இருந்தது. முதல் ஓனர் அதை பீரோவில் வைத்தார். வண்டி கை மாறியது, அட்டை மாறவில்லை. மூணாவது ஓனருக்கு அப்படி ஒரு எண் இருப்பதே தெரியாது. உரிமைப் பத்திரத்தைக் காட்டி டீலரிடம் கேட்டு வாங்கலாம், சரி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஆட்டு மந்தை மட்டும் இருக்கும் ஒரு மலைச்சரிவில் எந்த டீலர்?

இன்னொன்று இன்னும் மோசம். சாவி திரும்பியதை பி.இ.சி.எம். எப்படித் தெரிந்துகொள்ளும்? கதவின் லாட்ச்சுக்குள் இருக்கும் ஒரு குட்டி மைக்ரோஸ்விட்ச் வழியாக. வருஷக்கணக்கில் கதவைப் படார் படார் என்று அடைத்தால் அது தேயும். தேய்ந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் தினமும் ரிமோட்டில்தானே பூட்டுகிறோம்! ஆபத்துக்கு உதவ வேண்டிய நாளில்தான் அது செத்துப்போனது தெரியும். நீங்கள் எண்ணை எவ்வளவு ஒழுங்காகத் திருப்பினாலும் பெட்டிக்குப் போய்ச் சேராது. ஸ்விட்சை மட்டும் தனியாக மாற்றவும் விடமாட்டார்கள், முழு லாட்ச்சும் வாங்கணும். நம் ஹாஸ்டலில் மாட்டியிருக்கும் தீயணைப்பு சிலிண்டர் மாதிரி. கடைசியாக அதை யார் சோதித்தார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வாங்க.

இரண்டாவது சோதனைக்கு வருவோம். பெட்டிக்கும் என்ஜினுக்கும் இடையே எண் பொருந்தாத கேஸ். பி.இ.சி.எம். பழுதாகி செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கி மாட்டினாலோ, இ.சி.எம்.மை மாற்றினாலோ கட்டாயம் இது வரும். பேட்டரி உயிர் போகிற நேரத்தில் ஏற்படும் வோல்டேஜ் குளறுபடியாலும் வருவதுண்டு. அறிகுறி: செல்ஃப் நன்றாக அடிக்கும், ஸ்டார்ட் ஆகாது. டேஷ்போர்டில் எந்தச் செய்தியும் வராது. எனக்கு இதில் ரொம்பக் கோபம் வரும் இடம் இதுதான். க்ராங்க் சென்சார் போனாலும் இதே அறிகுறி. பெட்ரோல் பம்ப் போனாலும் இதே அறிகுறி. "எனக்கு வந்த எண் தப்பு, அதனால் எரிபொருள் தரமாட்டேன்" என்று இ.சி.எம்.முக்குத் தெளிவாகத் தெரியும். தன் நினைவில் குறித்தும் வைத்திருக்கும். ஆனால் ஓனரிடம் வாய் திறக்காது. அவர் பம்ப் மாற்றுவார், சென்சார் மாற்றுவார், காசு கரையும்.

மெக்கானிக் எந்த வரிசையில் தேடுவார் என்று கேட்டால், நல்ல மெக்கானிக் முதலில் பேட்டரியைத்தான் பார்ப்பார். நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் இருக்கா, செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குது. இந்த வண்டியில் பாதி பேய் பிடித்த கதைகள் பேட்டரியில் முடிந்துவிடும். அப்புறம் செல்ஃப் அடிக்குதா இல்லையா. அடிக்கவில்லை, செய்தியும் வருது என்றால் சந்தேகம் சாவி பக்கம்: ரிமோட் செல், காயில், கதவு ஸ்விட்ச். அடிக்குது, பற்றவில்லை என்றால் இ.சி.எம்.மிடம் பேசியாக வேண்டும். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர் என்ஜின் கோளாறு எண்களில் சிலதைப் படிக்கும். பி.இ.சி.எம்.மிடம் அதற்குப் பேசவே தெரியாது. அந்த மொழி நிறுவனத்துக்கு மட்டும்.

ரோவர் அந்தக் காலத்தில் டெஸ்ட்புக் என்று ஒரு கருவி வைத்திருந்தது. டீலர்களிடம் மட்டும் இருக்கும். அதைச் சொருகி ஜெம்ஸ் இ.சி.எம்.மை 'கற்றுக்கொள்' நிலைக்குக் கொண்டுபோனால், பி.இ.சி.எம். அனுப்பும் எண்ணைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளும். சில நிமிட வேலை. ஆனால் ஓடாத இரண்டு டன் வண்டியை லாரியில் ஏற்றி டீலரிடம் கொண்டுபோய்ச் செய்ய வேண்டிய சில நிமிட வேலை. பிற்பாடு வெளியாட்கள் அந்த மொழியைத் தோண்டிக் கண்டுபிடித்து நானோகாம் போன்ற கருவிகளைக் கொண்டுவந்தார்கள். இன்று பி38ஏ ரோட்டில் ஓடுவதற்கு அந்த வெளியாட்கள் முக்கியக் காரணம், தயாரித்தவர்கள் அல்ல.

அந்தக் கருவி கைக்கு வந்ததும் ஓனர்களில் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இம்மொபிலைசரையே அணைத்துவிடுகிறார்கள். பி.இ.சி.எம். செட்டிங்கில் போய் ஆஃப். திருடனுக்கு வைத்த பூட்டு ஓனரைப் படுத்திய பாட்டில் ஓனரே பூட்டை உடைத்துப் போடுகிறார். செக்யூரிட்டி பாடத்தில் பயனர் அனுபவம் என்று ஒரு யூனிட் சேர்ப்பதாக இருந்தால் இந்த ஒரு வண்டியை வைத்தே நடத்திவிடலாம்.

இதே வண்டியில் இன்னொரு வேடிக்கை. பேட்டரியைக் கழட்டி மாட்டினால் ஜன்னல் கண்ணாடிகளும் தங்கள் இடத்தை மறந்துவிடும். "விண்டோ நாட் செட்" என்று செய்தி வரும். ஓனர் என்ன செய்ய வேண்டும்? கண்ணாடியை முழுக்க இறக்கி முழுக்க ஏற்றினால் போதும், கற்றுக்கொண்டுவிடும். ஆக, மறந்ததை ஓனரே திரும்பக் கற்றுக்கொடுக்கலாம் என்கிற யோசனை அந்த டீமுக்கு வராமல் இல்லை. கண்ணாடிக்கு வந்த யோசனை என்ஜினுக்கு வரவில்லை.

நிறுத்து, ஓனரே கற்றுக்கொடுக்கலாம் என்றால் திருடனும் கற்றுக்கொடுப்பானே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. இம்மொபிலைசரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். நெதர்லாந்தில் யான் வான் அவர்ஸ், பென் வொல்லார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: 1995 முதல் 2008 வரையிலான காலத்தில் கார் திருட்டு சராசரியாக 40 சதவீதம் குறைய இது காரணமாக இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா அண்மையில் பார்த்தது. 2015 மாடல்களில் மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்தில் இம்மொபிலைசர் இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில்தான். ஸ்டீயரிங் கவரைப் பிரித்து யு.எஸ்.பி. கேபிள் முனையால் திருப்பினால் ஸ்டார்ட். டிக்டாக்கில் அது சவாலாகப் பரவியது. 2023 பிப்ரவரியில் அந்த நிறுவனங்கள் 83 லட்சம் வண்டிகளுக்கு மென்பொருள் திருத்தம் அறிவிக்க வேண்டிவந்தது. இந்தத் திருட்டுகளோடு தொடர்புடைய விபத்துகளில் குறைந்தது 8 பேர் இறந்ததாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு அப்போது சொன்னது. பூட்டு வேண்டும், சந்தேகமே இல்லை.

ஆனால் பூட்டு வலுவாக இருக்க ஓனரை வெளியே நிறுத்தணும் என்று எந்தத் தியரியிலும் இல்லை. அதே தொண்ணூறுகளில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் பாஸ்லாக் என்று ஒரு முறையை வைத்திருந்தது. அதுவும் உறவு முறித்துக்கொள்ளும். ரீசிங்க் எப்படி? சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணப் பாருங்க, ஆகாது. சாவியை ஆன் நிலையிலேயே விடுங்க. சுமார் பத்து நிமிடம் காத்திருந்தால் செக்யூரிட்டி விளக்கு அணையும். இதை மூணு தடவை செய்தால் வண்டி புது எண்ணை ஏற்றுக்கொள்ளும். முப்பது நிமிடம், கருவி எதுவும் வேண்டாம். ஓனருக்கு முப்பது நிமிடம் ஒரு டீ, ஒரு போன் கால். தெருவில் நிற்கும் திருடனுக்கு முப்பது நிமிடம் ஆயுள் தண்டனை. நேரத்தையே பூட்டாக்கியிருக்கிறார்கள். பாஸ்லாக்கில் வேறு ஆயிரம் குறை உண்டு, அதன் சென்சார் அடிக்கடி போகும். இந்த ஒரு யோசனைக்காக மட்டும் அதைக் கும்பிடலாம். ஃபோர்டு வேறு வழி பிடித்தது: ஏற்கெனவே பதிவான இரண்டு சாவிகள் உங்களிடம் இருந்தால், மூணாவது சாவியை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். திருடனிடம் இரண்டு சாவி இருக்காது. எளிமை.

"ரகசியத்தை வெளியே சொன்னால் பாதுகாப்பு போச்சு" என்பது அடுத்த வாதம். இதற்குப் பதில் நம் கிரிப்டோகிராஃபி பாடத்தின் முதல் யூனிட்டிலேயே இருக்கு. கெர்க்ஹாஃப்ஸ் 1883-ல் சொன்னது: சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும், பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் பூட்டு தாங்க வேண்டும். கார் உலகம் இதைத் திருப்பிப் போட்டது. அமைப்பை மூடி வைத்து, சாவியைச் சின்னதாக வைத்தது. 2005-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகமும் சேர்ந்து டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 40 பிட் சிப்பை உடைத்து, ஒரு ஃபோர்டு எஸ்கேப்பை ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். மெகாமோஸ் கிரிப்டோ என்ற இன்னொரு இம்மொபிலைசர் சிப்பின் ஓட்டையை மூன்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தபோது, 2013-ல் ஃபோக்ஸ்வேகன் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை 2015-ல்தான் வெளிவந்தது. அந்த இரண்டு வருடத்தில் ஓட்டை அடைபட்டதா? ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளில் அதே சிப்தான் இருந்தது. மூடி வைத்ததால் திருடர் கூட்டம் நின்றுவிடவில்லை, தெருமுனை மெக்கானிக்தான் நின்றுபோனார்.

யாருக்கு வேண்டுமானாலும் எல்லாக் கோடும் கொடு என்று நான் கேட்கவில்லை. நடுவழி ஒன்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கு. அமெரிக்காவில் என்.ஏ.எஸ்.டி.எஃப். என்ற அமைப்பு பின்னணி சரிபார்த்த பூட்டுக்காரர்களையும் மெக்கானிக்குகளையும் பதிவு செய்து வைத்திருக்கிறது. அவர்கள் நிறுவனத்திடமிருந்து சாவிக் கோட், இம்மொபிலைசர் கோட் வாங்கலாம். யார், எந்த வண்டிக்கு வாங்கினார் என்பது பதிவாகும். டீலர் என்ற ஒரே வாசலுக்குப் பதில் பல வாசல், ஒவ்வொரு வாசலிலும் ஒரு ரிஜிஸ்டர்.

ஒரே வாசல் எவ்வளவு ஆபத்து என்பதற்கு பி38ஏ-யின் குடும்ப வரலாறே போதும். டிசைன் நடந்த காலத்தில் ரோவர், பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் கையில். 1994-ல் பி.எம்.டபிள்யூ. வாங்கியது. 2000-ல் லேண்ட் ரோவரை ஃபோர்டு வாங்கியது. 2008-ல் நம்ம டாடா மோட்டார்ஸ். நாலு முதலாளி மாறிவிட்டார்கள். அந்த வண்டியின் ரகசிய எண் இன்னும் ஏதோ ஒரு சர்வரில் பத்திரமாக இருக்கு என்ற நம்பிக்கையில்தான் சோலிஹல்லில் பிறந்த அந்த வண்டி உயிரோடு இருக்கு. லேண்ட் ரோவர் பிழைத்துக்கொண்டது. பிழைக்காத நிறுவனத்தின் வண்டி வைத்திருப்பவர் யாரிடம் போய்க் கேட்பார்? நேற்று வந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஸ்டார்ட்அப் நாளைக்குக் கடையை மூடினால், ஆப் இல்லாமல் அந்த ஸ்கூட்டர் பூட்டு திறக்குமா என்று வாங்கும்போது யார் கேட்கிறோம்?

இந்தியாவில் இது புது விவாதமும் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. குற்றச்சாட்டில் முக்கியமானது, உதிரிபாகங்களையும் பழுதுகாணும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததுதான். 14 பேரில் பெரிய தொகை, 1,346 கோடி, டாடா மோட்டார்ஸுக்கு. அப்புறம் அப்பீல், தடை என்று அது இழுத்தது பெரிய கதை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஒரு போர்ட்டலே திறந்தது, வாகனமும் அதில் ஒரு பிரிவு. கையேடு, வாரண்டி விவரம் எல்லாம் போடச் சொல்கிறார்கள். இம்மொபிலைசர் ரீசிங்க் செய்யும் வழியை எந்த நிறுவனமாவது ஒரு பக்கத்தில் எழுதிப் போட்டால் அன்றைக்கு நான் இந்தப் போர்ட்டலைப் பாராட்டுகிறேன்.

நம்மில் பாதிப் பேர் இன்னும் ஒரு வருஷத்தில் ஏதோ ஒரு ஆட்டோமோட்டிவ் கம்பெனிக்கு ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருப்போம். சென்னை, ஓசூர், கோவை எல்லாம் அந்த வேலைதான் நடக்குது. அங்கே நமக்கு ரிக்வயர்மென்ட் ஷீட் ஒன்று வரும். "அனுமதியில்லாதவர் ஸ்டார்ட் செய்யக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும். "பேட்டரி செத்து, ரிமோட் செத்து, சர்வர் செத்தாலும் ஓனர் இத்தனை நிமிடத்தில் ஸ்டார்ட் செய்ய முடியணும்" என்று இன்னொரு வரி இருக்கா பாருங்க. இல்லையென்றால் மீட்டிங்கில் கையைத் தூக்கிக் கேளுங்க. ஃப்ரெஷர் கேட்டால் சிரிப்பார்கள், பரவாயில்லை. அந்த வரி வந்துவிட்டால், அதைச் சோதிக்க ஒரு டெஸ்ட் கேஸும் வரும். வருஷத்துக்கு ஒரு தடவை சாவியால் கதவைத் திறக்கச் சொல்லி டேஷ்போர்டில் ஒரு நினைவூட்டல் போட்டிருந்தால், தேய்ந்த மைக்ரோஸ்விட்ச் முன்னாடியே மாட்டியிருக்கும். பத்து வரி கோடு.

அதுவரை, வீட்டில் யாராவது செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறார்கள் என்றால் கூடவே போங்க. டயரை உதைத்துப் பார்ப்பது அப்பா பார்த்துக்கொள்வார். நீங்கள் இரண்டாவது சாவியைக் கேளுங்க. திருட்டு போனால் இன்ஷூரன்ஸ்காரர்களும் இரண்டு சாவியையும்தான் கேட்பார்கள். சாவியோடு கோட் எழுதிய அட்டையோ உலோகத் தகடோ வந்ததா என்று கேளுங்க. ரிமோட்டைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, ஓட்டுநர் கதவில் சாவியை நுழைத்து பூட்டிப் பாருங்க, திறந்து பாருங்க, இரண்டு சாவியாலும். துரு பிடித்து திரும்பவில்லை என்றால் விலையில் பேசுங்க. அட்டையை போனில் படம் எடுத்து வைக்காதீங்க, பேப்பரில் எழுதி வீட்டில் வையுங்க. வண்டிக்குள்ளே மட்டும் வேண்டாம்.